இத்தாலியில் எந்தப் பழைய ஊர்களைப் பார்க்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலிக்குக் கிளம்பும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்பது கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும்: எதைப் பார்ப்பது, எதை விடுவது? மூன்று தடவை போய் வந்திருக்கிறேன். முதல் தடவை ஒன்பது நாளில் ஏழு ஊர். இன்று அந்தப் பயணத்தை நினைத்தால் ஓவியமோ கோபுரமோ கண்ணில் வருவதில்லை. ரயில் நிலையப் படிக்கட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஏறியதுதான் வருகிறது. அதற்குப் பிறகு புத்தி வந்து திட்டமிட்டதிலிருந்து எழுதிய பதில்கள் இவை. கட்டணமும் நேரமும் மாறிக்கொண்டே இருப்பவை, கிளம்பும் முன் அந்தந்த இடத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பத்து நாள் இருக்கிறது. எத்தனை ஊர் வைத்துக்கொள்ளலாம்?

மூன்று. மிஞ்சிப்போனால் நான்கு.

"ரோமிலிருந்து ஃப்ளாரன்ஸுக்கு ஒன்றரை மணி நேரம்தானே" என்பார்கள். ரயிலுக்குள் இருப்பது ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் காலையில் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, நிலையத்துக்குப் போய்க் காத்திருந்து, இறங்கின ஊரில் விடுதியைத் தேடிப்பிடித்து, "அறை 3 மணிக்குத்தான் தயாராகும்" என்று கேட்டுக்கொண்டு, முகம் கழுவி வெளியே வரும்போது பொழுது சாயத் தொடங்கியிருக்கும். ஒவ்வொரு இடமாற்றமும் அரை நாளை விழுங்கும். ஏழு ஊர் என்றால் ஆறு மாற்றம், அதாவது முழுசாக மூன்று நாள் பெட்டியோடு போயிற்று.

இன்னொரு காரணமும் உண்டு. பேர்போன ஊர்கள் எல்லாவற்றுக்கும் இரண்டு முகம். காலை 10 மணியிலிருந்து மாலை 5 மணி வரை கொடி பிடித்த வழிகாட்டிகளும் அவர்கள் பின்னால் போகும் கூட்டமும். அதற்கு முன்னும் பின்னும் ஊர் ஊர்க்காரர்கள் கையில் இருக்கும். இந்த இரண்டாவது முகத்தைப் பார்க்க அங்கேயே ராத்தங்க வேண்டும். பேர்போன ஊருக்கு இரண்டு ராத்திரி என்பது என் கீழ்வரம்பு, ரோமுக்கு நான்கு.

எதை வைத்து ஊரைத் தேர்ந்தெடுப்பது? எல்லாமே அழகு என்கிறார்களே!

காலத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். இத்தாலி ஒரே நாடானது 1861இல்தான். அதற்கு முன் அது குடியரசுகளும் சிற்றரசுகளும் போப்பின் நிலங்களுமாகச் சிதறிக் கிடந்தது. அதனால் ஒவ்வொரு ஊரும் அதனதன் நூற்றாண்டில் உச்சத்துக்குப் போய், அப்படியே உறைந்து நின்றுவிட்டது. பழைய ரோமர்கள் வேண்டுமா, ரோமும் பொம்பெயியும். ஐந்து, ஆறாம் நூற்றாண்டு என்றால் ராவென்னா. பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குச் சிசிலியின் பலேர்மோ. பதின்மூன்று, பதினான்குக்கு சியெனா. பதினைந்துக்கு ஃப்ளாரன்ஸ். வெனிஸ் எந்த நூற்றாண்டுக்கும் அடங்காது, அது ஆயிரம் ஆண்டு வியாபாரத்தில் கட்டிய ஊர்.

ஒரே காலத்து ஊர்களாக அடுக்கினால் நான்காவது நாள் எல்லாத் தேவாலயமும் ஒன்றுபோலத் தெரியும். உங்கள் மேல் தப்பில்லை, தேர்வின் மேல்தான். வேறுவேறு காலத்து மூன்று ஊர் என்றால் ஒவ்வொரு இடத்திலும் கண் புதிதாக விழித்துக்கொள்ளும்.

அப்படியானால் ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் என்று எல்லோரும் போகும் மூன்றும் தப்பா?

தப்பே இல்லை. மேலே சொன்ன கணக்குக்கு அவை கச்சிதமாகப் பொருந்துகின்றன: மூன்றும் மூன்று காலம், மூன்றும் ஒரே அதிவேக ரயில் தடத்தில். ரோமிலிருந்து ஃப்ளாரன்ஸ் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து வெனிஸ் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. முதல் தடவை போகிறவர்கள் "கூட்டம் போகும் இடத்துக்கு நான் போகமாட்டேன்" என்று வீம்பு பிடிக்க வேண்டியதில்லை. கூட்டம் போவதற்குக் காரணம் இருக்கிறது.

ஒரே ஒரு மாற்றம் சொல்வேன். இந்த மூன்றோடு நிறுத்தாமல், பேர் கேள்விப்படாத ஒரு சின்ன ஊரில் ஒரு ராத்திரியாவது தங்குங்கள். பெரும்பாலானவர்கள் திரும்பி வந்து பேசுவது அந்த ஊரைப் பற்றித்தான்.

விமான டிக்கெட்டை ரோமுக்குப் போய் ரோமிலிருந்தே திரும்புவதாகப் போடாதீர்கள். வெனிஸில் இறங்கி ரோமில் ஏறுவதுபோல் போட்டால், வந்த வழியே திரும்பும் ஒரு நாள் மிச்சம். கடைசியில் ரோம் வருவதில் இன்னொரு லாபம்: முதலிலேயே ரோமைப் பார்த்தவர்களுக்கு அடுத்த ஊர் எதுவும் சின்னதாகத்தான் படும்.

ரோமில் கொலோசியம், வத்திக்கான் பார்த்தால் போதாதா? எதற்கு நான்கு ராத்திரி?

அவை இரண்டுக்குமே ஆளுக்கு ஒரு நாள் போய்விடும். கொலோசியம் டிக்கெட்டில் ரோமானிய ஃபோரமும் (பழைய நகரச் சதுக்கம்) பலத்தீன் குன்றும் சேர்ந்தே வரும், அவற்றை நிதானமாக நடக்க ஒரு பகல் வேண்டும். வத்திக்கான் அருங்காட்சியகம் இன்னொரு பகல். மிக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்த சிஸ்டைன் சிற்றாலய விதானம் அந்த நீண்ட நடையின் ஏறக்குறைய கடைசியில்தான் வரும். அதற்குள் பாதிப்பேர் கால் ஓய்ந்து கீழே பார்த்துக்கொண்டிருப்பார்கள்!

மற்ற இரண்டு நாள் சும்மா நடப்பதற்கு. ரோமை ஒரே இடத்தில் புரிந்துகொள்ள வேண்டுமானால் கொலோசியத்திலிருந்து சில நிமிட நடையில் இருக்கும் சான் கிளமெந்தே தேவாலயத்துக்குப் போங்கள். தெரு மட்டத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தேவாலயம், பலிபீடத்துக்குப் பின்னால் அரைவட்டக் குவிவில் பொன்னிற மொசைக் (சின்னச்சின்னத் துண்டுகளைப் பதித்துச் செய்த ஓவியம்). டிக்கெட் வாங்கிப் படியிறங்கினால் அதன் அடியில் நான்காம் நூற்றாண்டுத் தேவாலயம், சுவரில் மங்கிய ஓவியங்கள். இன்னும் ஒரு மாடி இறங்கினால் கி.பி. முதல் நூற்றாண்டு ரோமர்களின் கட்டடமும் குறுகிய சந்தும். அங்கே மித்ரா என்ற தெய்வத்தைக் கும்பிட்டவர்களின் குகை போன்ற அறை, நடுவில் பலிபீடம், இருபக்கமும் கல் திண்ணை. வெளியே 35 டிகிரி வெயில் அடித்தாலும் உள்ளே சுவர் ஈரமாக இருக்கும். ஒரு மூலையில் தரைக்கடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். ரோம் முழுவதுமே இப்படித்தான், ஒன்றின் தலைமேல் ஒன்று.

பழைய ரோமர் கோவிலான பாந்தியனுக்கு மழை பெய்யும்போது போக வாய்த்தால் விடாதீர்கள். குவிமாடத்தின் உச்சியில் திறந்த வட்டம், மூடி கிடையாது. மழை நேரே உள்ளே விழும், தரையில் இருக்கும் சின்னத் துளைகள் வழியே வடிந்துவிடும். ஏறக்குறைய 1,900 ஆண்டாக அதே ஏற்பாடு. குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து அதன் உயரமும் ஒன்றே, 43.3 மீட்டர். 2023 ஜூலையில் உள்ளே போக 5 யூரோ கட்டணம் கொண்டுவந்தார்கள்.

ரோமில் நமக்கும் சம்பந்தப்பட்டது ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் மிளகு வடிவில். ஃபோரத்தின் ஓரமாக நிற்கும் மாக்சென்டியஸ் மண்டபத்தின் அடியில், பேரரசர் டொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்குகளின் மிச்சம் இருக்கிறது. அங்கே வந்து குவிந்தது பெரும்பாலும் நம் மேற்குக் கடற்கரை மிளகு. பொன்னோடு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, திரும்பும் யவனர் மரக்கலத்தைச் சங்கப்பாட்டில் படித்தோமே, அந்தக் கலம் இறக்கிய சரக்கு போய்ச் சேர்ந்த இடம் இதுதான். இந்தியா ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசை உறிஞ்சிக்கொள்கிறது என்று அந்த நாளிலேயே ரோம எழுத்தாளர் பிளினி புலம்பியிருக்கிறார்.

இன்னொன்று நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில். பொம்பெயியில் 1938இல் கிடைத்த தந்தச் சிலை, ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் அதிகம், கைநிறைய வளையல். லட்சுமி என்று பெயர் வைத்துவிட்டார்கள், யட்சியாக இருக்கலாம் என்பது அறிஞர்கள் பலரின் எண்ணம். எரிமலை பொம்பெயியைப் புதைத்த கி.பி. 79க்கு முன் இந்தியாவிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தது என்பதில் மட்டும் சந்தேகமில்லை. அந்த அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. நான் போய் நின்றது செவ்வாய்க்கிழமை. அடுத்த பயணத்தில்தான் பார்த்தேன்.

ஃப்ளாரன்ஸா, சியெனாவா? ஒன்றுதான் முடியும்.

ஓவியம், சிற்பம் பிடிக்குமென்றால் ஃப்ளாரன்ஸ். ஊரே ஓர் ஓவியமாக இருந்தால் போதுமென்றால் சியெனா.

ஃப்ளாரன்ஸ் நான்கு சுவருக்குள் பொக்கிஷம் வைத்திருக்கும் ஊர். உஃபீஸி அருங்காட்சியகம், அக்காதெமியாவில் ஐந்து மீட்டருக்கு மேல் நிற்கும் மிக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை, பெருங்கோவிலின் (ஊரின் தலைமைத் தேவாலயம்) மேல் புரூனெல்லெஸ்கி 1420 முதல் 1436 வரை எழுப்பிய செங்கல் குவிமாடம். அதன் உச்சிக்கு 463 படி, மின்தூக்கி இல்லை. பெரிய அருங்காட்சியகங்கள் திங்கள்கிழமை மூடியிருக்கும், அதனால் ஃப்ளாரன்ஸின் ஒரே முழுநாள் திங்களாக அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெருக்கள் மட்டும் என்றால், நான் சொல்வதைக் கேட்டுக் கோபப்படாதீர்கள், கொஞ்சம் முரட்டுத்தனமான ஊர். பழுப்புக் கல், கோட்டை மாதிரி வீடுகள். அருங்காட்சியகம் அலுப்பு தட்டும் ஆட்களுக்கு அங்கே இரண்டாம் நாளே வேலை இருக்காது.

சியெனா அப்படியில்லை. 1348 கொள்ளைநோயில் ஊரின் பெரும்பகுதி செத்துப்போனது. அப்போது பெருங்கோவிலை இன்னும் பெரிதாக்கக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை அப்படியே நின்றது, பாதிச் சுவர் இன்றும் வெட்டவெளியில் நிற்கிறது. அதன் உச்சியில் ஏறி ஊரைப் பார்க்கலாம். நடுவில் கிளிஞ்சல் போலச் சரிந்திருக்கும் காம்போ சதுக்கத்தில் சாயங்காலம் ஜனங்கள் செங்கல் தரையிலேயே உட்கார்ந்து கதை பேசுவார்கள். ஜூலை 2, ஆகஸ்ட் 16 இரு நாளும் அதே சதுக்கத்தைச் சுற்றிப் பாலியோ குதிரைப் பந்தயம். ஊரின் 17 பேட்டைகளில் பத்து பேட்டைக் குதிரைகள் ஓடும். வேடிக்கை பார்க்கவே போகிறவர்கள் தவிர மற்றவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது, அறை கிடைக்காது.

சியெனாவுக்கு அதிவேக ரயில் கிடையாது. ஃப்ளாரன்ஸிலிருந்து பேருந்தே மேல், ஊருக்குள்ளேயே கொண்டுபோய் விடும். ரயிலில் போனால் நிலையம் மலையடிவாரத்தில்.

வெனிஸ் நாற்றம், கொள்ளை விலை, ஒரு பகல் போதும் என்கிறார்களே?

ஒரு பகல் மட்டும் போனவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். அவர்கள் சொல்வது அவர்கள் வரை உண்மை. 11 மணிக்கு ரயிலிறங்கி, நெருக்கியடித்துக்கொண்டு சான் மார்க்கோ சதுக்கம் வரை போய், சுமாரான பீட்ஸாவுக்குக் கனமான பில் கொடுத்துத் திரும்பினால் வேறென்ன தோன்றும்?

தங்கினால் கதையே வேறு. காலை 6 மணிக்கு எழுந்து வெளியே வாருங்கள். கால்வாய் ஓரத்தில் சரக்குப் படகுகள் வந்து நிற்கும். தண்ணீர்ப் புட்டிக் கட்டுகள், விடுதிகளின் அழுக்குத் துணி மூட்டைகள், காய்கறிப் பெட்டிகள், சில சமயம் ஒரு குளிர்பெட்டி. ஆட்கள் அவற்றை இரும்புத் தள்ளுவண்டியில் அடுக்கி, பாலத்தின் ஒவ்வொரு படியிலும் சக்கரத்தைத் தட்டித்தட்டி ஏற்றுவார்கள். அந்த டக், டக் சத்தம் தவிர ஊரில் வேறு ஓசை இருக்காது. வண்டி ஓடாத ஊர் எப்படிப் பிழைக்கிறது என்பது அந்த ஒரு மணி நேரத்தில் விளங்கிவிடும். தீவு நகரத்தில் இப்போது நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் குறைவு.

பகலில் மட்டும் வந்து போகிறவர்களுக்கு 2024 முதல் நுழைவுக் கட்டணம் உண்டு. 2025இல் கூட்டமான 54 நாட்களுக்கு வசூலித்தார்கள், முன்கூட்டிக் கட்டினால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. ராத்தங்குகிறவர்களுக்கு அது கிடையாது, விடுதி வரியிலேயே அடங்கிவிடும். அறை வாடகைக்குப் பயந்தால் பாலத்துக்கு இந்தப்பக்கம் மெஸ்திரேயில் தங்கலாம், ரயிலில் பத்து நிமிடம்தான். ஆனால் அந்தக் காலை 6 மணி கிடைக்காது. நான் வெனிஸில் ஒரு ராத்திரியைக் குறைத்துக்கொண்டாலும் குறைப்பேனே தவிர மெஸ்திரேயில் தங்கமாட்டேன்.

இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் கடல் ஏறி ஊருக்குள் வருவது உண்டு. 2019 நவம்பர் 12 அன்று நீர் 187 செ.மீ. வரை ஏறியது. 2020 அக்டோபரிலிருந்து கடல்வாயில் இரும்புத் தடுப்புகளை எழுப்பித் தடுக்கிறார்கள், இப்போது முன்போலப் பயமில்லை. நாற்றம்? கோடையில் சில சின்னக் கால்வாய்களில் கொஞ்சம் இருக்கும். ஊரை விட்டு ஓடும் அளவுக்கு நான் பார்த்ததில்லை.

பீசா?

சாய்ந்த கோபுரத்துக்காக மட்டும் என்றால் அரை நாள். ஃப்ளாரன்ஸிலிருந்து போய்த் திரும்புங்கள், அங்கே தங்க வேண்டாம். பக்கத்திலேயே லூக்கா இருக்கிறது. ஊரைச் சுற்றி நான்கு கி.மீ. மதில், மதில் மேல் மரங்களடர்ந்த சாலை, வாடகைச் சைக்கிளில் ஒரு சுற்று வரலாம். பீசாவைக் காலையில் முடித்துவிட்டு மத்தியானம் லூக்கா போய் அங்கே ராத்தங்குவது நல்ல ஏற்பாடு.

பொம்பெயியா, ஹெர்குலேனியமா?

இரண்டு பழைய ரோமானிய ஊர்களையும் கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை புதைத்தது, ஆனால் வேறுவேறு விதமாக. பொம்பெயியின் மேல் பெய்தது சாம்பலும் நுரைக்கல்லும், கூரைகள் நொறுங்கிப்போயின. ஹெர்குலேனியத்தை மூடிய கொதிக்கும் சாம்பல் வெள்ளம் சுமார் 20 மீட்டர் ஆழத்துக்கு இறுகியது. மரமெல்லாம் கரியாகி அப்படியே நின்றுவிட்டது. மாடி உத்தரம், கதவு, கட்டில் வரை கறுத்துப்போய் இன்றும் இருக்கின்றன. பழைய கடற்கரையோரப் படகுக் கொட்டில்களில் தப்பிக்கக் காத்திருந்த சுமார் 300 பேரின் எலும்புக்கூடுகள் 1980களிலிருந்து கிடைத்தன.

பொம்பெயி ஒரு முழு நகரம், 66 ஹெக்டேர், மூன்றில் இரண்டு பங்கு தோண்டியிருக்கிறார்கள். தெருக் கற்களில் வண்டிச்சக்கரம் அரைத்த பள்ளம் விரல் ஆழத்துக்கு ஓடும். தெருவைக் கடக்க உயரமான மிதிகற்கள், நடுவே சக்கரம் போக இடைவெளி விட்டுப் போட்டவை. அந்தக் கல்லில் கால் வைக்கும்போது உடம்பு தானாகவே அந்தக் காலத்து ஆளின் எட்டு எடுத்து வைக்கும். நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் போகாதீர்கள்.

என் தீர்ப்பு: அரை நாள்தான் இருக்கிறது, வெயில் அதிகம், கூட வயதானவர்கள் என்றால் ஹெர்குலேனியம். முழு நாளும் தெம்பும் இருந்தால் பொம்பெயி. நேப்பிள்ஸிலிருந்து ஒரே உள்ளூர் ரயில் இரண்டுக்கும் போகும், பழைய பெட்டிகள், நெரிசல், பணப்பையை முன்பக்கம் வையுங்கள். பொம்பெயியில் 2024 நவம்பரிலிருந்து நாளுக்கு 20,000 பேர்தான் என்று வரம்பு வைத்து, டிக்கெட்டில் பெயரும் எழுதுகிறார்கள்.

ரோமிலிருந்தே ஒரு நாளில் போய்வரலாம். ஆனால் நேப்பிள்ஸில் தங்கினால் அந்த ஊர் போனஸ். இரைச்சல், கொடியில் தொங்கும் துணிகள், தலைமேல் ஏறும் ஸ்கூட்டர்கள், உலகத்திலேயே நல்ல பீட்ஸா. சுத்தபத்தம் பார்ப்பவர்களுக்கு மட்டும் சொல்லமாட்டேன்.

கூட்டமில்லாத ஒரே ஒரு சின்ன ஊர் சொல்லுங்கள் என்றால்?

ராவென்னா. யோசிக்கவே மாட்டேன்.

402இல் மேலை ரோமப் பேரரசின் தலைநகரம் இங்கே மாறியது. அந்தக் காலமும் அடுத்த நூறாண்டும் விட்டுப்போன மொசைக்குகள்தான் ஊரின் சொத்து. பேரரசி காலா பிளாசிதியாவின் பெயரில் இருக்கும் நினைவு மண்டபம் வெளியிலிருந்து பார்த்தால் செங்கல் கொட்டகை. உள்ளே போனதும் ஒன்றும் தெரியாது. சன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய அலபாஸ்டர் கல், அதில் வடிகட்டி வருகிற தேன்நிற வெளிச்சம்தான் வெளிச்சம். இருட்டு பழகப்பழக, தலைக்குமேல் அடர்நீலம் எழும்பி, அதில் ஒவ்வொன்றாகப் பொன் நட்சத்திரங்கள் தெரியவரும். கூட்டமான நாட்களில் ஐந்து நிமிடத்தில் வெளியேற்றிவிடுவார்கள், ஆகவே உள்ளே போன கணமே படமெடுக்கக் கைபேசியைத் தூக்காமல் கண்ணுக்கு ஒரு நிமிடம் கொடுங்கள். எதிரிலேயே சான் விதாலே தேவாலயம், அங்கே ஜஸ்டினியன் பேரரசரும் தியோடோரா பேரரசியும் பரிவாரத்தோடு சுவரில் நேருக்கு நேர் நிற்கிறார்கள்.

கவிஞர் தாந்தே இறந்ததும் இங்கேதான், 1321இல். அவரைத் துரத்தியது ஃப்ளாரன்ஸ். பிறகு மனம் மாறி எலும்பைக் கேட்டபோது ராவென்னாத் துறவிகள் ஒளித்துவைத்துவிட்டார்கள், 1865இல்தான் மறுபடி வெளிவந்தது. ஃப்ளாரன்ஸில் இருப்பது வெறும் கல்லறை. இங்கே எரியும் விளக்குக்கு ஆண்டுதோறும் எண்ணெய் அனுப்புவது மட்டும் ஃப்ளாரன்ஸின் பங்கு.

போலோன்யாவிலிருந்து சாதாரண ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். போலோன்யாவும் நல்ல தங்கலிடம்: ஊர் முழுக்கத் தூண்தாழ்வாரங்கள், மழையோ வெயிலோ குடை இல்லாமல் நடக்கலாம், ஃப்ளாரன்ஸுக்கு 40 நிமிடம்கூட ஆகாது.

மிலானைச் சேர்க்கலாமா?

விமானம் அங்கே இறங்கினால் ஒரு ராத்திரி. லியனார்தோவின் 'கடைசி விருந்து' ஓவியத்துக்காகத்தான் என்றால் வாரக்கணக்கில் முன்னாலேயே டிக்கெட் பாருங்கள், சின்னக் குழுக்களாக 15 நிமிடம்தான் உள்ளே விடுவார்கள். கிடைக்காவிட்டால் மிலானை விட்டுவிடலாம். வெரோனாவைப் பற்றியும் கேட்பார்கள்: ரோமானிய அரங்கம் அருமை, ஜூலியட் மாடம் இருபதாம் நூற்றாண்டில் ஒட்டவைத்தது.

தெற்கே, சிசிலிக்கு?

முதல் தடவையே வடக்கையும் சிசிலியையும் கலக்காதீர்கள். சிசிலிக்கென்று தனியாக ஒரு வாரம் வேண்டும். பலேர்மோவில் இரண்டாம் ரோஜர் மன்னரின் அரண்மனைக் கோவிலில் சுவரெல்லாம் பைசாந்திய மொசைக், மேலே அரபுக் கைவினைஞர்களின் மரவிதானம், அந்நாளில் வழிபாடு லத்தீனில். சிராகூசாவில் பெருங்கோவிலின் சுவருக்குள் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு அதேனா கோவிலின் தூண்கள் அப்படியே பதிந்து நிற்கின்றன. கிரேக்கக் கோவிலையே தேவாலயமாக மாற்றிக்கொண்டார்கள். ரயிலில் போனால் மெசினா நீரிணையில் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி அக்கரை சேர்ப்பார்கள், பிள்ளைகளுக்கு அது ஒன்றே போதும்.

தரைப்பகுதியின் தெற்கில் மத்தேரா. பாறையில் குடைந்த வீடுகளில் ஆடுமாடுகளோடு வாழ்ந்த ஜனங்களை 1952இல் ஒரு சட்டம் போட்டு வெளியேற்றினார்கள். அதே குகைகள் இன்று விலையுயர்ந்த விடுதிகள். பாரி நகரத்திலிருந்து சின்ன ரயில் போகும். முட்டிவலிக்காரர்களுக்கு ஆகாது, ஊரே படிக்கட்டு.

அப்பா அம்மாவை அழைத்துப் போகிறோம். எந்த ஊர் தோது?

ஃப்ளாரன்ஸ், லூக்கா, ராவென்னா, போலோன்யா நான்கும் சமதளம். சியெனா மேடு. வெனிஸில் ஐந்து நிமிட நடைக்குள் இரண்டு மூன்று பாலம், எல்லாம் படி, ஆகவே நீர்ப்பேருந்து நிறுத்தத்துக்கு ஒட்டினாற்போல விடுதி பாருங்கள். ரோமில் பழைய தெருவெல்லாம் மேடுபள்ளமாகக் கல் பாவியது, சக்கரப் பெட்டியும் சக்கர நாற்காலியும் தடுமாறும். அறை பதிவு செய்யும்போது மின்தூக்கி உண்டா என்று கேட்காமல் விடாதீர்கள். பழைய கட்டடத்தில் "இரண்டாவது மாடி" என்றால் அறுபது எழுபது படி.

எந்த மாதம்?

ஏப்ரல் பிற்பாதி, மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர். ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2 அவர்களுக்கு அரசு விடுமுறை, ஒட்டிய வார இறுதிகளில் ரயில் நிறையும். ஈஸ்டர் வாரம் ரோம் தாங்காது. ஆகஸ்டில் வெயில் 35ஐத் தாண்டும், 15ஆம் தேதியை ஒட்டி ஊர்க்காரர்களே கடைகளை மூடிக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை எனக்குப் பிடித்த காலம், குளிர் தாங்குகிறவர்களுக்கு. 5 மணிக்கே இருட்டிவிடும், ஆனால் உஃபீஸியில் ஓவியத்தின் முன் தனியாக நிற்கலாம்.

கார் எடுக்கலாமா?

பழைய ஊர்களுக்கு வேண்டவே வேண்டாம். ஊர் நடுவில் வெளி வண்டிகளுக்குத் தடை, நுழைவாயிலில் கேமரா. தெரியாமல் நுழைந்த என் நண்பர் ஒருவருக்கு ஊர் திரும்பி மாதக்கணக்கு ஆனபின் அபராதச் சீட்டு வந்தது. ஒரே தெருவில் மூன்று தடவை சுற்றியதற்கு மூன்று சீட்டு.

ரயிலே போதும். அதிவேக ரயிலுக்கு முன்னாலேயே வாங்கினால் விலை பாதிக்குப் பாதி குறையும். சாதாரண ரயிலுக்கு எப்போது வாங்கினாலும் ஒரே விலை. ஆனால் காகித டிக்கெட்டை நடைமேடையில் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்திவிட்டுத்தான் ஏற வேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை இல்லாததால் நான் ஒரு தடவை அபராதம் கட்டியிருக்கிறேன். "ஷோப்பெரோ" என்று அறிவிப்பு பார்த்தால் வேலைநிறுத்தம் என்று அர்த்தம். நிலையப் பலகையில் ஃப்ளாரன்ஸ் "ஃபிரென்ஸே", வெனிஸ் "வெனேசியா", நேப்பிள்ஸ் "நாபொலி" என்றுதான் இருக்கும்.

சைவம் கிடைக்குமா?

தாராளமாக, ஆனால் கேட்டுச் சாப்பிடுங்கள். காய்கறி சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கலாம். பார்மிஜானோ, பெக்கொரீனோ பாலாடைக்கட்டிகளைக் கன்று, ஆட்டுக்குட்டி வயிற்று நொதியை விட்டுத்தான் உறையவைக்கிறார்கள், கண்டிப்பான சைவர்களுக்கு அது ஆகாது. ராவென்னா பக்கத்து பியாதீனா ரொட்டி மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம், ஆலிவ் எண்ணெயில் செய்ததா என்று கேளுங்கள். மரினாரா பீட்ஸாவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ மட்டும், பாலாடைக்கட்டியே இல்லை. கொண்டைக்கடலை மாவுப் பண்டங்கள் நிறைய: பீசா பக்கம் தட்டில் சுடும் செச்சீனா, பலேர்மோவில் ரொட்டிக்குள் வைத்துத் தரும் பானெல்லே பஜ்ஜி. ஃப்ளாரன்ஸ் இருக்கும் டஸ்கனிப் பகுதியில் ரொட்டிக்கு உப்பே போடமாட்டார்கள், கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள்.

விசா?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது) வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்காரர்கள் சுற்றுலாவுக்கு விசா இல்லாமல் போகலாம். விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, கூடவே குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மே மாதம் போகிறவர்கள் ஏப்ரலில் போய் வரிசையில் நிற்காதீர்கள்.

உடை கட்டுப்பாடு உண்டா?

பெரிய தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பையில் ஒரு துண்டு போதும். சின்னத் தேவாலயங்கள் மத்தியானம் இரண்டு மூன்று மணி நேரம் சாத்தியிருக்கும்.

தண்ணீர் பாட்டில் வாங்கியே காசு கரைகிறதாமே?

ரோமில் வாங்கவே வேண்டாம். தெருமுனைகளில் இடுப்புயர இரும்புக் குழாய்கள் நிற்கும், வளைந்த மூக்கு போல் இருப்பதால் "நசோனே" என்பார்கள். ஊரில் இரண்டாயிரத்துக்கு மேல் உண்டு, இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும், குடிக்க நல்ல தண்ணீர். பாட்டிலைக் கீழே பிடித்து நிரப்பலாம். நேராகக் குடிக்க வேண்டுமானால் குனிய வேண்டாம்: கீழ்வாயை விரலால் அடைத்தால், குழாயின் வளைவில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே பீச்சும். முதல் தடவை முகத்தைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள்.